ஜூனியின் டிராம்போலின்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி தேவலையா? அலாஸ்கா மீன் ஆலையில் எனக்குச் சுகம், மீன்களுக்குத்தான் சுகமில்லை. மேற்பார்வையாளரின் பூட்ஸுக்குள் சால்மன் மீனின் தலையைப் போட்டேன். "டேய் ரீட், அடுத்தது உன் தலைதான்டா!" என்று துரத்தினார்.

"குடைக் காப்பீடு பத்து லட்சம் டாலருக்கா, இருபதுக்காடா?" என்று கேட்டிருந்தாய். கீழ்வீட்டில் குடியிருப்பவர்கள் விழுந்து வழக்குப் போட்டால், வீட்டுக் காப்பீடு போதாதபோது கைகொடுப்பது அதுதான். நம் வீடும் சேமிப்பும் பத்து லட்சத்தைத் தாண்டும். இருபதுக்கே எடு.

கொல்லையில் டிராம்போலின் இருந்தால் அந்தக் காப்பீட்டைத் தரமாட்டார்களாம் என்றாய். கீழ்வீட்டுப் பிள்ளைகள் வேறு ஏறுகிறார்கள். கழற்றிவிடு, எனக்காகக் காத்திருக்காதே. தங்கை ஜூனி இறந்தபின் அவள் அளவுக்கு உயரமாக யாரும் அதில் குதிக்கப்போவதில்லை.

கம்பளிக் காலுறை அனுப்பு. டிராம்போலினுக்கு அடியில் ஜூனியின் செருப்பு கிடக்கும். கழுவாமல் என் கட்டிலுக்கடியில் வை.

சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

ரீட்