வண்டி இன்னும் வரவில்லை

அன்பு மகள் சண்முகப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே உடம்புக்கு எங்கள் இருவருக்கும் குறையில்லை, அம்மா மூன்று வேளையும் சாப்பிடுகிறாள், நீ அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், அதனால்தான் கடிதம். மோகனூரில் சின்னராஜ் மகள் இனியாவின் கல்யாணத்துக்குக்கூடப் போக முடியவில்லை. அம்மா ரோட்டுக்குப் போய்விடுகிறாள் என்று கேட்டைப் பூட்டினேன், இப்போது நானும் உள்ளேதான் கிடக்கிறேன் சாமி, மூச்சு முட்டுகிறது.

அம்மாவின் மறதி நோயைப் பற்றிக் கேட்டதற்கு, ஒரு விஷயம் மனதில் நிற்க வேண்டுமானால் மூளை நரம்புக்குள் சில ஜீன்கள் அந்த நேரத்தில் விழித்து வேலை செய்யவேண்டும், அப்போதுதான் நரம்புக்கும் நரம்புக்கும் நடுவில் உள்ள இணைப்பு இறுகும், அம்மாவுக்கு அது சரியாக நடப்பதில்லை என்றாய். சிமெண்ட் பூசித் தண்ணீர் விடாத சுவர் என்று புரிந்துகொண்டேன். உங்கள் ஆராய்ச்சி எலிகளுக்கு அந்த ஜீனைத் தட்டி எழுப்ப மருந்து பார்க்கிறீர்களாம், எலிக்குக் கிடைக்கிற யோகம் உன் அம்மாவுக்கு எப்போது என்று உன் புரொபசரைக் கேட்டுச் சொல்லு.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி கவிழ்ந்து அண்ணன் கௌசிக் போன புதிதில் அவள் கேட்டபோதெல்லாம் உண்மையைத்தான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அன்றைக்குத்தான் செத்தவன்போல மாரில் அடித்துக்கொண்டு அழுதாள், மறுநாள் மறுபடியும் கேட்டாள். பெற்றவளை எத்தனை தடவை கொல்வது? ராய்ப்பூர் பக்கம் போர் போட்டுக்கொண்டிருக்கிறான் என்று சொல்ல ஆரம்பித்தேன். முன்பெல்லாம் ரிக் வண்டிச் சத்தம் கேட்டால் கேட்டுக்கு ஓடுவாள், இப்போது உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஏன் என்று கேட்டால் தெரியலீங்க, நெஞ்சு அடிக்குது என்கிறாள். சேதி மறந்தாலும் துக்கம் வேறு இடத்தில் பதிந்துவிடும் என்று நீ சொன்னது இதுதானோ என்னவோ.

போன செவ்வாய்க்கிழமை சோறு போட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள். ஏனுங்க, பிரியா போன் பண்ணுனா கௌசிக் செத்துப்போனதச் சொல்லிப்போடாதீங்க, தனியாக் கெடக்கற புள்ள தாங்கமாட்டா, வண்டி இன்னும் வரலீன்னே சொல்லுங்க என்றாள். சாவுக்கு நீ வந்து அவள் மடியில் விழுந்து அழுததெல்லாம் அவளுக்கு நினைவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல, வண்டி இப்ப எங்கீங்க நிக்குது என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் போடு. அண்ணன் வண்டி இன்னும் வரவில்லை என்று அவள் சொன்னால், சரிம்மா என்று மட்டும் சொல்லு. மறந்துபோய்ச் சொல்கிறாளா, உனக்காக மறைத்துச் சொல்கிறாளா என்று இனிமேல் எனக்கே தெரியாது. அழுவதானால் போனை வைத்துவிட்டு அழு. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும் சாமி.

இப்படிக்கு,
உன் அப்பா
மருதாசலம்