கோட் போடாத முருங்கை

2023 ஜூலை 16, ஞாயிறு. நோபல் பார்க், மெல்பேர்ண்

நேற்று மாலை சிட்னியிலிருந்து வந்து சேர்ந்தோம். டூங்கபியில் மகள் வினுஷாவுக்குப் பெண் குழந்தை. பத்தியக் கறி, பால் போத்தல், பேத்தியின் அழுகை என்று மே மாதம் போனவர்கள் குளிர்காலத்தில் பாதியை அங்கேயே கழித்துவிட்டோம். திரும்பி வரும் வழியில், ஆல்பரி தாண்டிய பிறகுதான் யோகராணிக்கு நினைவு வந்தது.

"ஐயோ, இஞ்சேருங்கோ! முருங்கைக்குப் போர்த்தாமல் வந்திட்டம்!"

அதற்குப் பிறகு வீடு வரும்வரை என் மனைவி முருகா, முருகா என்றுகொண்டே வந்தாள். செத்த வீட்டுக்குப் போகிறவளின் முகம்.

மரம் சாகவில்லை. பின்வளவு விளக்கைப் போட்டுப் பார்த்தோம். கொஞ்சம் மஞ்சள் பூத்திருந்தாலும் இலைகள் இலைகளாகவே நின்றன. "முருகன் காப்பாத்தினவர்" என்று அவள் மரத்தைக் கட்டிப் பிடித்தாள். நான் சூட்கேஸ்களை இறக்கினேன். எனக்கும் சந்தோஷம்தான். பிறகு ஏன் படுக்கையில் புரண்டுகொண்டிருந்தேன்?

ஜூலை 18, செவ்வாய்

காரணம் இன்று குசினி யன்னலில் நிற்கும்போது பிடிபட்டது. மரம் உயிரோடு இருந்திருக்கவே கூடாது.

ஒவ்வொரு ஜூன் தொடக்கத்திலும் அதற்கு உடுப்புப் போடுவோம். அடிமரத்தைச் சுற்றி யோகராணியின் பழைய நூல் சேலைகள், அதற்கு மேல் சாக்கு, எல்லாவற்றுக்கும் மேலே என் செம்மஞ்சள் வேலைக் கோட். நான் முப்பது வருடம் வேலை செய்த நிலக்கரி மின்நிலையத்தின் கோட் அது. பொத்தானும் பூட்டிவிடுவேன். மூடுபனியில் பார்த்தால் காலை ஷிஃப்டுக்கு பஸ் பார்த்து நிற்கும் ஆள் போலவே இருக்கும். தூக்கக் கலக்கத்தில் நான் அதற்குக் காலை வணக்கம் சொன்னதும் உண்டு. இவ்வளவு போர்த்தியும் வருடா வருடம் உறைபனி அதன் நுனிகளைக் கருக்கிவிடும். ஒக்டோபரில் அடியிலிருந்து மறுபடி தளிர்க்கும். காய்த்ததே இல்லை.

இந்த வருடம் வெறும் மேலோடு நின்றிருக்கிறது. பச்சையாக.

ஜூலை 23

மூடுபனி. புல்லில் ஈரம். உறைபனியின் வெள்ளை இல்லை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

மின்நிலையத்தில் என்னோடு வேலை செய்த ரஸ்ஸல் ஃபோன் பண்ணினான். நவம்பரில் எங்கள் கட்சிக் கிளைக் கூட்டம். காலநிலை மாற்றம் என்பதெல்லாம் மிகைப்படுத்தல், கரியமில வாயுவைக் குறைக்கும் இலக்கைக் கட்சி கைவிட வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவருகிறானாம். அவன் முன்மொழிவான், நான் வழிமொழிய வேண்டும்.

"கரி எரித்த இரண்டு பேர் எழுந்து நின்றால் போதும், நாதன். மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்" என்றான்.

ஓம் என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொல்லாமல் இருப்பது? எண்பத்தொன்பதில் ஒரு பெட்டியோடு இந்த நாட்டில் இறங்கியவனுக்கு வேலை பழக்கியவன் அவன். வினுஷா பிறந்த அன்று யோகராணியைத் தன் ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவன். கட்சிக்கு என்னைக் கூட்டிப்போனவனும் அவன்தான். ஆனால் கட்சியில் நான் இருப்பது அவனுக்காக அல்ல. ஒரே வீச்சில் உலகத்தைப் புரட்டிப்போடுகிறோம் என்று புறப்பட்டவர்களை ஊரில் கண்டவன் நான். அதன் விலையையும் கண்டேன். அன்றிலிருந்து, இருப்பதை உடைக்காதே, மாற்றுவதை மெல்ல மாற்று என்பவனுக்குத்தான் என் வோட். அதில் எனக்கு வெட்கமில்லை.

ஆகஸ்ட் 20

ஒரு கனவு. பின்வளவு முழுக்க மூடுபனி. முருங்கை நின்ற இடத்தில் கோட் போட்ட ஒருவர் முதுகு காட்டி நிற்கிறார். பஸ் வருமா என்று கேட்கிறேன். அவர் மெதுவாகக் கோட்டைக் கழற்றி, மடித்து, என் கையில் தருகிறார். "வெக்கையாக் கிடக்கு" என்கிறார். கோட் உலையிலிருந்து எடுத்தது போலச் சுடுகிறது. கீழே வைக்க இடம் தேடித் தேடி நடக்கிறேன், புல் முடியவே இல்லை.

விழித்த பிறகும் உள்ளங்கை சூடாக இருந்தது. போர்வைக்குள் கிடந்த கை, வேறென்ன.

செப்டெம்பர் 3, ஞாயிறு

ஒரு குளிர்காலம், ஒரு மரம். இதை வைத்துக்கொண்டு எந்த எஞ்சினியரும் ஒன்றும் சொல்லமாட்டான். தற்செயல் என்று நிரூபித்துவிட்டு நிம்மதியாக வழிமொழியலாம் என்றுதான் வானிலைத் திணைக்களத்தின் பழைய வெப்பநிலைகளைத் திறந்தேன்.

மெல்பேர்ணில் ஏறியிருந்தது. நகரம் வளர்ந்துவிட்டது, தாரும் கொங்கிரீட்டும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்றேன். சரி, நகரமே இல்லாத இடத்தைப் பார்ப்போம் என்று தெற்குக் கரையில் ஒரு கலங்கரை விளக்கத்தைப் பிடித்தேன். கடல், பாறை, காற்று, ஒரு வெப்பமானி. அங்கேயும் ஏறியிருந்தது. ஒரு வருடம் இறங்கும், மறு வருடம் ஏறும், ஆனால் மொத்தத்தில் மேலேதான்.

பின்னேரம் முழுக்க அந்தக் கலங்கரை விளக்கம் என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. யாருமில்லாத பாறையில், ஒருவரும் கேட்காமல், தினமும் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

செப்டெம்பர் 10

ரஸ்ஸல் பழக்கிய பாடம் ஒன்று நினைவுக்கு வந்து தொலைக்கிறது. ஒரு முறை டர்பைனின் ஒரு பேரிங் சூடாகிக்கொண்டு வந்தது. வெப்பம் காட்டும் ஊசி கொஞ்சம் கொஞ்சமாக, வாரக்கணக்கில் ஏறியது. எல்லைக்குள்தான் இருக்கிறது, ஓட்டு என்றார் மனேஜர். ரஸ்ஸல் கேட்கவில்லை. லோடைக் குறைத்து இயந்திரத்தை நிறுத்தினான். திறந்து பார்த்தால் பேரிங் உரிந்து கிடந்தது. அன்றைக்கு எனக்குச் சொன்னான்: "ஒரு நாள் ஊசியைப் பார்த்துப் பயப்படாதே. ஒரு நாள் ஊசியைப் பார்த்து நிம்மதியாகவும் இருக்காதே. போக்கைப் பார்."

நாங்கள் எரித்த கரி எவ்வளவு என்று எனக்குத் தெரியும். புகை மேலே போனதும் தெரியும். போனது அங்கேயே நிற்கிறது என்பதை மட்டும் நான் நினைக்கவில்லை. மின்நிலையத்தை மூடி, புகைபோக்கிகளை வெடி வைத்து விழுத்தியபோது அழுதவன் நான் — அந்தக் கரிதானே எங்களுக்குச் சோறு போட்டது. இப்ப நான் என்ன செய்ய? எழும்பி நிண்டு பொய் சொல்லவோ? இல்லை, அவனை எல்லாருக்கும் முன்னால விட்டிட்டு இருக்கவோ?

ஒக்டோபர் 1

யோகராணியிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப ரஸ்ஸலுக்குச் சொல்லுங்கோ. கூட்டத்துக்கு முதலே சொல்லுங்கோ. முகத்துக்கு நேர சொன்னா அவர் கோவிப்பார், பிறகு ஆறிடுவார். முதுகுக்குப் பின்னால செய்தா ஆறமாட்டார்."

ஒக்டோபர் 28, சனி

சொல்லத்தான் பேர்விக்குக்கு, அவன் வீட்டுக்குப் போனேன். தக்காளிக் கன்றுகள் நட்டுக்கொண்டிருந்தான். கன்றுக்கு ஊன்றுகிற வரிச்சைப் பிடி என்றான், பிடித்தேன். பேச்சைத் தட்டச்சு செய்துவிட்டானாம், என்னுடைய பங்கு ஒரு நிமிடம் போதுமாம். வெயில் இதமாக இருந்தது, மக்பைப் பறவை ஒன்று பாடியது, அவன் சந்தோஷமாக இருந்தான். நாலு கன்றுகளோடு திரும்பி வந்தேன்.

"சொன்னனீங்களோ?" என்றாள் யோகராணி. கன்றுகளைக் காட்டினேன். தலையில் கை வைத்தாள்.

நவம்பர் 15, புதன்

கூட்டம் முடிந்தது.

ரஸ்ஸல் நன்றாகப் பேசினான். பிறகு என் பக்கம் கையைக் காட்டினான். எழுந்தேன். எழுதியதை எடுக்காமலே பேசினேன்.

"என்னால் வழிமொழிய முடியாது. நான் பழமைவாதி. இருப்பதைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் இந்தக் கட்சியில் இருக்கிறேன். பூமி சூடாகிறது. நாங்கள் எரிப்பதால்தான் சூடாகிறது. முப்பது வருடம் எரித்தவன் சொல்கிறேன். எப்படிக் குறைப்பது, எவ்வளவு மெதுவாக, யார் செலவில் என்று மற்றக் கட்சிகளோடு சண்டை பிடிப்போம், அது எங்கள் வேலை. ஊசி பொய் சொல்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டாம்."

இரண்டாம் வரிசையில் ஒருவர் மட்டும் கை தட்டினார், சுற்றிப் பார்த்துவிட்டு நிறுத்தினார். வேறொருவர் வழிமொழிந்தார். தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்துத் தூக்கிய கைகளை எண்ண அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை.

ரஸ்ஸல் தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். என் கதிரையைக் கடக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: "தக்காளி நட்ட அன்றைக்கே சொல்லியிருக்கலாம், நாதன்."

சொல்லியிருக்கலாம். ஓமடா, சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 17

ஃபோனில் வினுஷா. "ஃபைனலி, அப்பா! அப்ப நெக்ஸ்ட் எலெக்‌ஷன் பச்சைக் கட்சிக்கோ?"

"கட்சி மாறேல்ல, பிள்ளை. வெப்பமானியை நம்பிறன், அவ்வளவுதான்."

"தட் மேக்ஸ் நோ சென்ஸ்" என்றாள். ஆக, இங்கேயும் எனக்கு இடமில்லை. பேத்தி ஃபோனை நக்கினாள். அவள் மட்டும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை.

2024 பெப்ரவரி 13, செவ்வாய்

பெரும் புயல். எங்கோ மின்கோபுரங்கள் சரிந்துவிட்டனவாம். கரன்ட் இல்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் யோசிக்கிறேன்: அவனும் பேர்விக்கில் இப்படித்தான் இருட்டில் இருப்பான். இந்த மாநிலத்துக்கே வெளிச்சம் கொடுத்த இரண்டு பேர். முன்பென்றால் இந்நேரம் ஃபோனில் ஆளுக்காள் காரணம் சொல்லிச் சண்டை பிடித்துக்கொண்டிருப்போம்.

மார்ச் 24, ஞாயிறு

முருங்கை காய்த்துவிட்டது! நோபல் பார்க்கில், எங்கள் வளவில். கோயிலில் யோகராணி ஒருவருக்குத்தான் சொன்னாள், மத்தியானத்துக்குள் வாசலில் கார் நிறுத்த இடமில்லை. காய்க்கு ஒருவர், இலைக்கு ஒருவர், படமெடுக்க மூன்று பேர். ரஸ்ஸலுக்கு நான் நாதன், கோயில் சனத்துக்குக் கதிர் அங்கிள்; கதிர் அங்கிளுக்குக் கைராசி என்று பாராட்டு. கைராசியாம்.

குழம்பு அமிர்தம். அதைத்தான் தாங்க முடியவில்லை. கெட்ட செய்தி இவ்வளவு ருசியாக வரும் என்று யார் நினைத்தது? மூன்று முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

பின்னேரம் ஒரு கட்டுக் காயை எடுத்துப் போய் ரஸ்ஸலின் வாசலில் வைத்தேன். மணியடிக்கவில்லை. யன்னல் திரை அசைந்தது போல இருந்தது. காற்றாக இருக்கலாம்.

ஜூன் 8, சனி

கோட்டை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். யோகராணி சிரித்தாள்.

"உலகம் சூடாகுது எண்டு கூட்டத்தில எழும்பிச் சொன்ன மனுசன், பிறகு என்னத்துக்குக் கோட்? போன வருசம் தப்பினதுதானே."

கோட்டைக் கொண்டுபோய் கராஜ் ஆணியில் மாட்டினேன்.

ஜூலை 4, வியாழன்

காலையில் குசினி யன்னல் வெள்ளையாக இருந்தது. மூடுபனி என்று நினைத்தேன். கதவைத் திறந்தால், உறைபனி. புல், வேலி, கொடிக்கயிறு, வாளியின் கைப்பிடி, எல்லாம் வெள்ளை. சாரத்தோடு, வெறுங்காலோடு இறங்கினேன். புல் அப்பளம் போல நொறுங்கியது. சூரியன் வேலிக்கு மேல் வர வளவு முழுக்க மினுங்கியது. இது கனவோ என்று ஒரு கணம் குனிந்து காலைப் பார்த்தேன்.

முருங்கை போய்விட்டது. இலையெல்லாம் அவித்த கீரை போலத் தொங்கியது. யோகராணி படியில் நின்று அழுதாள். எனக்கோ நெஞ்சு நிறையச் சந்தோஷம். இன்னும் குளிர் வருகிறது, இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்ற சந்தோஷம். இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

ஃபோன் அடித்தது. நவம்பருக்குப் பிறகு முதல் தடவை.

"வெளியே பார்த்தாயா, நாதன்? எங்கே உன் சூடான உலகம்?" ரஸ்ஸல் விழுந்து விழுந்து சிரித்தான். இதற்காகவே எத்தனை விடியல் காத்திருந்தானோ! நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தப் பச்சைத் தடிகளைப் பற்றியும் சொன்னான். வேகவைத்துத் தோலோடு மென்றானாம், கயிறு சாப்பிட்டது போல இருந்ததாம்.

சிரித்து ஓய்ந்த பிறகு சொன்னேன்: "ரஸ், இது ஒரு நாள் ஊசி."

அந்தப் பக்கம் கெட்டில் கொதித்துச் சொடுக்கென்று நின்றது.

"ம்ம்" என்றான். "ஒரு நாள் ஊசிதான்."

பிறகு, "மரம் செத்துவிட்டதா?"

"மேலே செத்துவிட்டது. அடி இருக்கும், போர்த்தினால்."

"நான் வருகிறேன்."

அரை மணித்தியாலத்தில் ட்ரக் வந்தது. கையில் அவனுடைய செம்மஞ்சள் கோட். என்னுடையது கராஜில் இருக்கிறது என்றேன். "உன்னுடையதை நீ போடு, நடுங்குகிறாய்" என்றான். கருகியதை வெட்டினோம். சேலை சுற்றினோம், சாக்குக் கட்டினோம். தன் கோட்டை மரத்துக்குப் போட்டு, மேல் பொத்தான் வரைக்கும் அவனே பூட்டினான். அடுத்த கட்சிக் கூட்டம் பத்தொன்பதாம் திகதி, உன் கதிரை சும்மா கிடக்கிறது என்று மட்டும் சொன்னான்.

யோகராணி குசினி யன்னலைத் திறந்து, எங்களையும் கோட் போட்டு நின்ற மரத்தையும் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்:

"மூண்டு பேரும் உள்ள வாங்கோ, தேத்தண்ணி ஆறுது."