இல்லாத சுழி

2006 ஜூலை 11

வானம் முழுக்கப் பரவியிருக்கும் ஆதி ஒளி அதிரும் திசைகளில் சுழித்துக்கொண்டு போகும் பகுதி ஒன்று இருக்க வேண்டும் என்கிறார்கள். இதுவரை யாரும் கண்டதில்லை. செயற்கைக்கோள் தரவிலிருந்து அதைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று மணவாளன் சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. என் ஆய்வுக்கு வழிகாட்டி அவர்தான். அடுத்த மாதம் புனேயில் ஒரு கருத்தரங்கில் பேசப் போகிறார். இந்தக் கட்டுரை வெளிவந்தால் என் பட்டமும் கைக்கு வந்துவிடும். அதற்கு முன் சார் எழுதிய நிரலை ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.

ஜூலை 14

சுழியே இல்லாத ஒரு பொய் வானத்தைக் கணினியில் செய்து சாரின் நிரலுக்குக் கொடுத்தேன். சுழி வந்தது. ஐயோ.

ஜூலை 17

ஒளி அதிரும் கோணத்தைச் செயற்கைக்கோள்காரர்கள் ஒரு பக்கமாக அளக்கிறார்கள், சாரின் நிரல் எதிர்ப்பக்கமாக. ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். அதைப் போட்டதும் சுழி போய்விட்டது. மிச்சம் வெறும் இரைச்சல். சொன்னால்? போன வருடம் சாரோடு மல்லுக்கு நின்றவன் இப்போது டியூஷன் எடுத்துப் பிழைக்கிறான். சொல்லாவிட்டால் — அந்தச் சுழி பொய்யில்லையா?

ஜூலை 18

சொல்லவில்லை. பயந்தாங்கொள்ளி.

ஜூலை 20

கிருத்திகை, ஸ்டேஷனில் முருகன் கோயில் கூட்டம். காவடிகள் இறங்கி முடித்த பிறகுதான் ரயிலில் ஏற முடிந்தது. ஆய்வகம் போனதும் சொல்லிவிட்டேன். சார் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். “பாத்துக்கலாம்மா. இத யார்கிட்டயும் பேசிக்கிட்டிருக்காத.” கத்தியிருந்தால்கூடத் தேவலை.

ஜூலை 25

சோறு இறங்கவில்லை. நைனா தறியை நிறுத்திவிட்டு வந்தார். “இன்னாத்துக்கு தீபா பேயறஞ்ச மாதிரி குந்திகினு கீற?” தலைவலி என்றேன்.

ஆகஸ்ட் 3

கட்டுரையை இணையத்தில் ஏற்றிவிட்டார். திருத்தாமல், சுழியோடு. வரைவில் அவர் பெயர்தான் முதலில் இருந்தது. இப்போது முதல் பெயர் என்னுடையது! போன் செய்தேன். “உனக்கு நல்லதுதானேம்மா” என்றார். நாளைக்கு யாராவது தப்பைக் கண்டுபிடித்தால் அது யார் தலையில் விழும்? என் தலையில்தானே?

ஆகஸ்ட் 4

கூடப் படிக்கிற ஒருத்தி எங்கள் வீட்டுக்குப் போன் செய்து வாழ்த்துச் சொல்லிவிட்டாள். மகள் பெயரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நைனா என்னோடு பிரவுசிங் சென்டருக்கு வந்துவிட்டார். காட்டினேன். பிரிண்டு எடுத்து வீட்டில் மாட்ட வேண்டும் என்றார். நான் புனே கருத்தரங்குக்காரர்களுக்கு மின்னஞ்சல் அடிக்க ஆரம்பித்தேன். நிரலில் பிழை, இந்த முடிவு தவறு, எனக்கு உடன்பாடில்லை. என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

என் பெயர் இருந்த பக்கத்தை மறுபடி காட்டச் சொன்னார்.

“தப்புனு நீ முன்னாடியே அவராண்ட சொன்னியா?”

“ஆங்.”

“அப்பறம் எதுக்கு உன் பேர மொதல்ல போட்டாரு?”

மின்னஞ்சலை அனுப்பிவிட்டேன். நாளைக்கு ஆய்வகத்தில் என் நாற்காலி இருக்குமா தெரியவில்லை.

நைனா எழுந்து போய்க் கடைக்காரரிடம், “பிரிண்டு வேணாங்க” என்றார்.