ஆடி முடியட்டும்

15.07.1997, செவ்வாய்

விடியக்காலை தொடக்கம் கரண்ட் இல்லை. பதினொரு மணி மட்டும் ஆறு பொம்பிளைகளும் பட்டறை வாசலில் குந்திக்கொண்டிருந்தோம். கரண்ட் வந்த கையோடு வல்லிபுரம் முதலாளியும் வந்தார். "விடிய இருந்து என்ன செஞ்ச நீங்க?" என்று ஒரு கேள்வி. என்னத்தைச் செய்யிற? வாயால ஊதியா மெசின ஓட்டுற?

நாங்கள் அடிக்கிறது மண்ணெண்ணெய் விளக்குக்கு மூடி. வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் ஏழு வருசமாகக் கரண்ட் இல்லை, அங்கே சனம் எங்கட விளக்கு வெளிச்சத்தில்தான் சோறு தின்னுது. விளக்குச் செய்கிற எங்கட கல்லடி ஊர்ப் பட்டறையிலும் கரண்ட் இல்லையென்றால் சிரிக்கிறதா அழுகிறதா?

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் மூடி. இடக்கையால் தகரக் கீலத்தைத் தள்ள வேண்டும், காலால் மிதிக்க வேண்டும், மூடியை வெட்டுகிற அச்சு இறங்கி ஏறும், வலக்கையை உள்ளே விட்டு மூடியை எடுக்க வேண்டும். ஆயிரம் தரம் கை உள்ளே போய் ஆயிரம் தரம் வெளியே வர வேண்டும். கிளட்ச் தேய்ந்து, நடு மெசின் சிலவேளை மிதிக்காமலே இரண்டாம் தரம் இறங்குது. மூன்று முறை சொல்லிவிட்டோம். "கவனமா அடிங்க" என்கிறார். கவனமாம்! அவர் அந்தக் கதிரையில் ஒரு நாள் குந்தி அடித்துப் பார்க்கட்டும்.

நடு மெசினில் இருக்கிறவள் கண்ணகை.

19.07.1997, சனி

முகைதீன்பாவா நானா இன்றைக்கு அந்தச் சாமானைக் கொண்டுவந்தார். பட்டறை மெசின் எல்லாவற்றையும் திருத்துகிறவர் அவர்தான். காத்தான்குடியில் சைக்கிள் கடையும் வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் மூன்று மாதம் இருந்து செய்தாராம்.

பார்க்க ஒரு அழகும் இல்லை. லோன்றியில் கழித்துப் போட்ட துணி பிழிகிற ரப்பர் உருளை இரண்டு, சைக்கிள் பிரீவீல் ஒன்று, செயின், ஒரு நீட்டுக் கம்பி. "இது உங்கட சைக்கிள்தான் தங்கச்சி," என்று எனக்குக் காட்டினார். "முன்னுக்கு மிதிச்சா இழுக்கும், பின்னுக்கு மிதிச்சா சும்மா சுத்தும். அச்சு மேல போகக்குள்ள கம்பி பிரீவீல இழுக்கும், உருளை கீலத்த ஒரு மூடியளவு தள்ளும். அச்சு கீழ வரக்குள்ள சும்மா நிக்கும்." அடித்த மூடியைத் தட்டிப் பெட்டிக்குள் விழுத்த ஒரு சுருள் வில்லும் வைத்திருக்கிறார். கீலத்தின் நுனியை உருளைக்குள் கொடுத்தால் சரி. கையை உள்ளே விடுகிற வேலையே இல்லை.

நாலு நட்டு இறுக்கி, கால் மணித்தியாலத்தில் நடு மெசினில் பூட்டி ஓட்டிக் காட்டினார். டக் டக் டக்கென்று மூடி விழுந்தது. கண்ணகை கையைக் கட்டிக்கொண்டு நின்று சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தாள்.

முதலாளியும் சிரித்தார். "நானா, இது மூண்டு பேருட வேலையச் செய்யும் போல இரிக்கி!"

அந்தச் சொல்லோடு நான் எங்களை எண்ணிப் பார்த்தேன். மூன்று பேரென்றால் எந்த மூன்று பேர்? என்ட மனிசன் சாமித்தம்பி வாவியில் வலை போடுகிறவர். ஆமி விட்ட நேரத்துக்குத்தான் தோணி இறக்கலாம், மாதத்தில் பாதி நாள் வீட்டில்தான். இரண்டு பிள்ளைகளுக்கும் என்ட உழைப்புத்தான் கஞ்சி.

"திங்கக்கிழமையிலிருந்து இதிலயே ஓட்டுவமா?" என்றார் முதலாளி.

நான்தான் வாய் திறந்தேன். "ஐயோ முதலாளி, ஆடி பிறந்து ரெண்டு நாள்தான் ஆகிது. ஆடியில ஆரும் புது மெசின் தொடங்குவாங்களா? ஆடி முடியட்டுமே."

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "சரியாச் சொன்ன பிள்ள." நானாவைக் கொண்டே நட்டைக் கழற்றுவித்தார். நானா நட்டுச் சாவியைத் துடைத்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஒரு மாதம்தானே. அதற்குள் வேறு வேலை ஏதும் பார்க்கலாம்.

22.07.1997, செவ்வாய்

சாமானுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, சாக்கால் மூடி, பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். விடியவும் பின்னேரமும் சாம்பிராணி வேறு.

03.08.1997, ஞாயிறு

மாமாங்கப் பிள்ளையார் கோயில் தீர்த்தம். ஊர்ச்சனம் முழுக்க அங்கேதான். கண்ணகையும் வந்தாள். அவள் புருசனைத் தொண்ணூறாம் ஆண்டு ஆமி ரவுண்டப்பில் பிடித்துக் கொண்டுபோனது. "ஆடி அமாவாசை விரதம் பிடிக்கச் சொல்லி மாமி நிக்கிறா அக்கா. செத்தாரெண்டு ஆரு கண்ட? நான் குளிக்க மட்டும்தான் வந்த," என்றாள். தலை முழுகி ஏறி வந்து, இரண்டு கையாலும் கூந்தலைப் பிழிந்து முடிந்தாள்.

06.08.1997, புதன்

எழுத வருகுதில்ல.

பத்தே காலுக்கு நடு மெசின் மிதிக்காமல் இறங்கினது. கண்ணகையிட வலக்கை. நாலு விரல். பெருவிரல் மட்டும் மிச்சம்.

அவள் கத்தவே இல்லை. "அக்கா, இஞ்ச பாருங்க," எண்டாள். அவ்வளவுதான்.

ஓட்டோவில் என்ட மடியில் கிடத்திக்கொண்டு போனேன். சீலையெல்லாம் ரத்தம். பாலத்து ஆமிச் சென்றியில் மறிப்பானே, ஐசி அட்டை கேட்பானே, இறக்கிச் செக் பண்ணுவானே என்று உசிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தேன். துவக்கோடு நின்ற பொடியன் உள்ளே எட்டிப் பார்த்தான். அவள் கையில் சுற்றியிருந்த ரத்தத் துவாயைப் பார்த்தான். போ போ என்று கையைக் காட்டிவிட்டான். ஒரு நிமிசம் கூட மறிக்கவில்லை.

மொழி தெரியாத அவன் மறிக்கல்ல. நாங்கதான் அந்தச் சாமானப் பதினெட்டு நாள் மறிச்சி வச்சிருந்த.

07.08.1997, வியாழன்

முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. கட்டிலடியில் நின்று என்ன சொன்னார் தெரியுமா? "பாத்தியளா, ஆடி மாசத்துட வேலைய. ராசி சரியில்லாட்டி இப்பிடித்தான்."

ஆடி வேலை செஞ்சதாம்! ஆடி என்ன, காலால வந்து அச்ச மிதிச்சதா? தேய்ஞ்ச கிளட்ச மாத்தித் தாங்க எண்டு மூண்டு தரம் சொன்னது மாசத்துக்கா, மனிசனுக்கா? நாலு நட்டு இறுக்கக் கால் மணித்தியாலம் காணும். சாம்பிராணி போட நேரமிருந்தது, அதுக்கு இல்லியே. பொட்டு வச்ச மெசின் பிள்ளையாருக்கு முன்னால சுகமாக் குந்தியிருக்க, பிள்ளை இஞ்ச கையில்லாமக் கிடக்குது.

எல்லாம் அவரால்தான். எல்லாம் அவரால்தான்.

09.08.1997, சனி

இல்லை. எவ்வளவுதான் முதலாளியைத் திட்டினாலும் கொப்பியை இரண்டு தாள் பின்னுக்குப் புரட்டினால் என்ட எழுத்தே என்னைப் பார்த்துக் காறித் துப்புது. திங்கட்கிழமை தொடங்குவமா என்று கேட்டது முதலாளி. ஆடி முடியட்டும் என்றது ஆர்?

எனக்கு ஆடியும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. என்ட மூத்தவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததே ஆடியில்தான். வேலை போயிருமெண்ட பயம். அதைப் பயம் எண்டு சொல்ல வாய் வரல்ல, சாமியிட பேரில் சொன்னேன்.

தவளை தன்ட வாயால கெடுமெண்டுவாங்க. இந்தத் தவளையிட வாயால கெட்டது இன்னொருத்தியிட கை.

13.08.1997, புதன்

கண்ணகையிடம் சொல்லிவிட்டேன். வார்ட்டில் ஆக்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, "ஆடி எண்டு சொல்லி மெசின நிப்பாட்டின நான்தான்," என்றேன்.

"நானும் அங்கதானே அக்கா நிண்ட. கேட்டுக்கொண்டுதான் நிண்ட."

"எனக்குச் சாத்திரம் ஒண்டுமில்ல பிள்ள. என்ட வேலை போயிரும் எண்டுதான் அப்பிடிச் சொன்ன."

அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். கொண்டுபோன சோற்றைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். திட்டியிருக்கலாம். இடக்கையால் ஒரு அறை விட்டிருக்கலாம்.

19.08.1997, செவ்வாய்

ஆவணி பிறந்து மூன்றாம் நாள். சாக்கு இன்னும் எடுபடவில்லை. நானே போய்க் கேட்டேன். முதலாளி சொல்கிறார்: "இவ்வளவு நாள் பொறுத்தாச்சி. ஒரு ரத்தமும் பாத்தாச்சி. இனி ஒக்டோபரில ஆயுத பூசைக்கு ஐயரைக் கூப்பிட்டு நல்லபடியாத் தொடங்குவம்."

"அது மட்டும் நடு மெசினில ஆரு அடிக்கிற?"

"ஏன், சபீனா அடிக்கட்டும்."

சபீனா எங்களுக்குள் ஆக இளையவள். அவள் நடு மெசினுக்கு முன்னால் குந்தி, வாய்க்குள் ஓதிக்கொண்டு கையை உள்ளே விடுகிறாள். எடுக்கிறாள். விடுகிறாள். எனக்குப் பக்கத்து மெசினில் இருந்து அடிக்க ஒண்ணாது. என்ட மூடியை எண்ணாமல் அவள்ட கையைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இவங்களுக்கு ஒரு கை காணாதா? இன்னும் எத்தனை கை வேணும் பூசைக்கு?

26.08.1997, செவ்வாய்

இன்றைக்குச் செய்துவிட்டேன்.

முதலாளி அரசாங்கக் கச்சேரிக்குப் போயிருந்தார், படுவான்கரைக்கு விளக்கு அனுப்பப் பாஸ் எடுக்க. நானா மோட்டருக்கு எண்ணெய் விட வந்தார். "நானா, நட்டுச் சாவி கொண்டுவந்திரிக்கீங்களா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பிள்ளையார் படத்துக்குக் கீழே கிடந்த சாக்கைப் பார்த்தார். "முதலாளி கேட்டா?"

"இந்தச் சீதேவிப்பிள்ளை சொன்ன எண்டு சொல்லுங்க. நிப்பாட்டச் சொன்னதும் நான்தானே."

"அத நான் மறக்கல்ல தங்கச்சி," என்றார். அதை மட்டும் சொல்லிவிட்டுச் சாவியை எடுத்தார்.

மணி மூன்று பத்து. செவ்வாய்க்கிழமை மூன்று மணியென்றால் நல்ல ராகுகாலம். அது தெரிந்துதான் செய்தேன். வாற தோசமெல்லாம் என்ட தலையில வரட்டும். சாக்கை இழுத்து எறிந்தேன். சபீனாவை எழும்பச் சொன்னேன். நானா நாலு நட்டையும் இறுக்கிப் பூட்டினார். கீலத்தின் நுனியை உருளைக்குள் கொடுத்து சுவிச்சைப் போட்டேன்.

முதல் கீலம் கொஞ்சம் கோணலாகப் போனது. நானா ஒரு திருகாணியைத் திருகினார். மறுகா நேராகப் போனது. போய்க்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு தரம் அச்சு இரண்டு முறை இறங்கியது, அதே பழைய குணம். ஒரு மூடி நசுங்கியது. அவ்வளவுதான். ஒரு மூடி! நசுங்கின தகரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் குழறி அழுதேன். சபீனாவும் அழுதாள்.

27.08.1997, புதன்

முதலாளி குதித்தார். நாள் பார்க்காமல், நேரம் பார்க்காமல், கேட்காமல் கொள்ளாமல் என்று. குதித்துக்கொண்டே பெட்டிக்குள் கையை விட்டு மூடிகளை அள்ளிப் பார்த்தார். நிப்பாட்டச் சொல்லவில்லை. ராகுகாலத்தில் விழுந்த மூடியும் மூடிதானே, விளக்கில் சரியாகத்தான் பூட்டுப்படுது.

பின்னேரம் எல்லாரையும் கூப்பிட்டார். இனி நாலு பேர் காணுமாம். "கண்ணகை எப்பிடியும் வரப்போறயில்ல. இன்னொராள் வேலையால நிக்கணும்." சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

"நான் வேலைய விட்டு நிக்கிறன். ஆனா கண்ணகை வரணும். நடு மெசினுக்கு அவள்தான் வரணும்."

"விசரா உனக்கு? கையில்லாதவள வச்சி நான் என்ன செய்யிற?"

எனக்கு எங்கிருந்து அந்தச் சத்தம் வந்ததோ தெரியாது. "கைய விடத் தேவையில்லாத மெசினுக்குக் கை எதுக்கு முதலாளி? கீலத்தக் குடுக்க ஒரு கை காணும். அவளுக்கு அது இரிக்கி. மற்றது எங்க போனதெண்டு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்!"

நானா சாவிகளைத் துடைத்துப் பைக்குள் போட்டார். "வல்லிபுரம் ஐயா, இந்தச் சாமான் பழுதுபட்டா மட்டக்களப்பில என்னைத் தவிர ஒருத்தருக்கும் திருத்தத் தெரியாது. கண்ணகை வந்தா நானும் வாறன். வராட்டி இல்ல."

முதலாளி கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார். "கொண்டு வாங்க பாப்பம்," என்றார்.

14.09.1997, ஞாயிறு

மீன் வாடியில் இறால் உரிக்கப் போகிறேன். கையெல்லாம் கடுக்குது, பத்து விரலும் வெடிப்பு. பத்து விரலும் என்று எழுதவே கூசுது.

கண்ணகை வேலைக்குப் போய் ஒரு கிழமையாம், சபீனா சந்தையில் கண்டு சொன்னாள். என் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஏன் வருவாள்?

"நீ வாய வச்சிக்கொண்டு சும்மா இரிந்திருக்கலாமே," என்றார் சாமித்தம்பி.

"எந்தத் தரம்? முதல் தரமா, ரெண்டாம் தரமா?" என்று கேட்டேன். அவர் வலையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

10.10.1997, வெள்ளி

பொழுதுபட முதல் வாசல் படலையில் சத்தம். எட்டிப் பார்த்தால் கண்ணகை.

கதிரை போட்டேன். இருந்தாள். வலக்கையைச் சீலைத் தலைப்புக்குள் வைத்திருந்தாள். பிறகு அவளாகவே சொன்னாள்: "இண்டைக்கு ஆயுத பூசையில்லியா. ஐயர் வந்த. மெசின் எல்லாத்துக்கும் பொட்டு வச்சி, ஒருத்தரும் கை வைக்கப்படாதெண்டு முதலாளி சொன்ன. நான் சொன்னன், நான் எப்ப முதலாளி அதில கை வச்ச எண்டு."

சிரித்தாள்.

போக எழும்பும்போது பையிலிருந்து ஒரு கடதாசிச் சரையை எடுத்தாள். அவலும் கடலையும். வலக்கையைத் தலைப்புக்குள் இருந்து எடுக்கப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

"சாமிக்குப் படைச்ச. இடக்கையாலதான் தரணும். குறை நினைக்காதங்க அக்கா."

இரண்டு கையையும் ஏந்தி வாங்கினேன். கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகு அவளைப் போக விடாமல் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். கோப்பையையும் இடக்கையாலேயே பிடித்துக் குடித்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.