முழங்கால் அளவு

சீதி ஹசீன், தூனிஸ்
14 ஆகஸ்ட் 1994

பிரியமுள்ள பாபாவுக்கு,

எல்லோரும் நலம். மார்சேயில் கட்டட வேலைக்குச் சாரம் ஏறும்போது கவனமாக இருக்கிறீர்களா? இங்கே தெருக்கோடி உப்பு ஏரி காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. வீடு விற்க இதுதான் காலம் என்று அம்மா, வெள்ளம் சுவரில் விட்டுப்போன கறைமேல் மூன்று தடவை சுண்ணாம்பு அடித்துவிட்டார்.

நேற்று தலெந்தா என்ற அம்மாள் வீடு பார்க்க வந்தார். கூடவே, இப்போதுதான் நடக்கப் பழகும் மகள். வழக்கப்படி முதலில் அக்கம்பக்கத்தில்தான் விசாரித்தார். மன்ஜி மாமா, "வெள்ளமா? இங்க குழாய்லயே தண்ணி வர்றதில்ல, வெள்ளம் எங்கேர்ந்தும்மா வரும்!" என்றார். தெருவே சிரித்தது. ஒரு வீட்டின் விலை இறங்கினால் எல்லா வீட்டின் விலையும் இறங்கிவிடுமாம்.

பிறகு அந்த அம்மாள் என்னைக் கேட்டார்: "நீ சொல்லு கண்ணு, மழைக்கு எப்படி?"

தேநீர் பொங்குகிறது என்று உள்ளே ஓடிவிட்டேன். மாதக் கடைசியில் மறுபடி வருகிறார். என்ன சொல்லட்டும்?

உங்கள் மகள்,
இப்திஹால்


மார்சேய், பிரான்ஸ்
22 ஆகஸ்ட் 1994

என் கண்மணிக்கு,

வாயைத் திறக்காதே. இந்த வீடு விற்றால்தான் மழைக்கு முன்னால் உங்களை மேட்டுப் பக்கம் குடியேற்ற முடியும். போன அக்டோபரில் விடியும்வரை தம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றதாக எழுதினாயே, அன்று போன தூக்கம் எனக்கு இன்னும் வரவில்லை. அவர்கள் கவலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், மகளே.

பாபா


சீதி ஹசீன்
1 செப்டம்பர் 1994

பாபா,

கோபிக்காதீர்கள். சொல்லிவிட்டேன்.

அந்த அம்மாள் அதிரவே இல்லை. "வரும்னு தெரியும் கண்ணு. இப்ப நாங்க இருக்கிற இடத்துல என் இடுப்பு வரைக்கும் வருது. இங்க எதுவரைக்கும்? அதைத்தான் ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

என் முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். அவர் மகளை என் காலோடு சேர்த்து நிறுத்திப் பார்த்தார். என் முழங்கால் அவள் நெஞ்சுக்கு வந்தது.

மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "அடுத்த வருஷம் வளர்ந்துடுவா" என்று சொல்லிவிட்டு, அம்மாவிடம் விலை பேசப் போனார்.

வெள்ளிக்கிழமை சாவி கொடுக்கிறோம். மழை இந்த மாதமே தொடங்கிவிடும், பாபா.

இப்திஹால்