மிதுக்கங்காய், ஐந்தாம் தலைமுறை

ஏப். 9, 2002, செவ்வாய்
காலையிலேயே வெயில். எட்டுச் செடியும் மொட்டு விட்டிருக்கின்றன. ஆராய்ச்சி நிலையத்தில் போட்டவை வைரஸ் வந்து போயின. மிச்ச விதை முழுவதும் இங்கே, வீட்டுத் தோட்டத்தில். வேலியில் தானாய் முளைக்கும் காய். கசப்பை நீக்கித் தோட்டப் பயிராக்க வேண்டும். நான்கு வருட வேலை.

வேற்று மகரந்தம் சேராமல் மொட்டின் வாயைக் கட்டுவது அப்பா. தறியில் மிஞ்சிய சிவப்புப் பட்டு நூல். நான் கட்டினால் இதழ் கிழிகிறது.

"இதுக்கு உங்க ஆபீஸ்ல கூலி உண்டா?"

"இல்லப்பா."

"கசக்குற காய எனக்குத் தள்ளிடு. வறுத்தா அதான் ஒசத்தி."

ஏப். 13, சனி
செடிக்கு ஒரு காய். அந்தந்தச் செடியின் மகரந்தத்தையே தடவியதில் எட்டும் பிடித்துவிட்டது. பழுத்ததும் கடித்துப் பார்த்து, கசக்காததன் விதையை மட்டும் எடுக்க வேண்டும். அப்பாவுக்கு நெஞ்சில் அடைப்பு. வாயு என்கிறார்.

ஏப். 15
அப்பா இல்லை. நேற்று மதியம், தறியில்.

ஏப். 24, புதன்
பத்து நாள் தண்ணீர் இல்லை. வீடு நிறைய ஆட்கள். அவர்களைத் தாண்டிக் குடத்தோடு தோட்டத்துக்குப் போக வெட்கம். கொடிகள் காய்ந்துவிட்டன. மூன்று காய் மட்டும் பச்சை. பறிக்க வேண்டாமென்று அத்தையிடம் சொல்ல வேண்டும். சமையல் இப்போது அவர் கையில். துக்க வீட்டில் காயைப் பற்றி எப்படிப் பேசுவது. நாளை.

ஏப். 29, திங்கள்
பதினாறாம் நாள். படையலில் அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம். வடை, சேமியா பாயசம், மிதுக்கங்காய் வறுவல்.

"கொடி காஞ்சிகினு இருந்துச்சி. மூணு காயும் வீணா பூடுமேன்னு நாந்தான் பறிச்சேன்," என்றார் அத்தை. "தம்பிக்கு இதுன்னா உசுரு. அது இன்னாடி செவப்பு நூலு, கண்ணு படாம இருக்கவா?"

"ஆமாங்க அத்தை."

நூலெல்லாம் குப்பையில்.

காக்கை எடுத்தபின் அப்பாவின் இலையில் என்னை உட்கார வைத்தார்கள். விதைகள் இளசு, வெள்ளை; வறுக்காவிட்டாலும் முளைத்திருக்காது. முதல் துண்டு கசப்பு. அடுத்ததும். மூன்றாவது கசக்கவில்லை. மெதுவாக மென்று பார்த்தேன். கசப்பே இல்லை. அப்படி இன்னொன்று இருக்குமா என்று இலையைக் கிளறினேன்.

"பசி போல, பாவம். இன்னும் கொஞ்சம் வைம்மா," என்றார் களம்பூர் மாமி.

எந்தச் செடி என்று இனித் தெரியாது. விழுங்கிவிட்டேன்.