ஒட்டுக்கால்

மகள் நகச்சாயம் அழிக்கும் புட்டியைத் திறந்தாள். முதலியார்பேட்டை வீடு முழுக்க அந்தப் புளித்த பழவாசனை. என் உள்ளங்கைத் தழும்பு உடனே எரிந்தது. வண்டுகளைக் கொல்ல நீ வைத்திருந்த குப்பியிலும் இதே வாசனைதான். அந்தக் குப்பியைத்தான் என்மேல் வீசினாய்.

காலாப்பட்டு ஆய்வுக்கூடத்தில் நமக்கு ஒரே மேசை. சாணவண்டின் கொம்பையும் ஆணுறுப்பையும் நுண்ணோக்கியில் பார்த்து நீ இனம் சொல்வாய். நான் ஒரு காலை வெட்டி, டிஎன்ஏ பிரித்துச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, வரும் மரபணு வரிசைக்குக் காத்திருப்பேன். ஊசுடு ஏரிக்கரையில் உனக்குக் கிடைத்த ஒற்றை ஆண் வண்டு புது இனம் என்றாய். இரண்டு வருடமாக உன் உயிரே அதில்தான் இருந்தது. என் வரிசையோ, அது பழைய இனமே என்றது.

உன்னிடம் முதலில் சொல்லியிருக்கலாம். கருத்தரங்கில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஜெயித்த திமிர்.

மேசைக்கு வந்தும் நீ கத்தவில்லை. "கால மட்டும் பாத்துட்டு பேசாத. வண்டப் பாருடி" என்றாய்.

"உனக்குத்தான் கண்ணு அவிஞ்சி போச்சி" என்றேன்.

குப்பி பறந்து வந்தது. தடுத்த கையில் கண்ணாடி இறங்கியது. ரத்தம் சொட்டச் சொட்ட உன் பெட்டியைத் தூக்கித் தரையில் அடித்தேன். ஊசியில் நின்ற வண்டுகள் நொறுங்கிச் சிதறின. நீ என் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினாய். நான் உன் தோளைக் கடித்தேன். படித்த பெண்கள் நாம். வாட்ச்மேன் வந்து பிரித்துவிட்டார்.

மூன்றாம் வாரம் கடற்கரைச் சாலையில் பஸ் உன் ஸ்கூட்டியை அடித்தது. அதுவரை நாம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

காரியம் முடிந்ததும் உன் மேசையை ஒழிக்கச் சொன்னார்கள். நீ பொறுக்கி வைத்திருந்த வண்டுத் துண்டுகளுக்கிடையே அந்த ஆண் வண்டு உடையாமல் கிடந்தது. முதன்முறையாக அதை நுண்ணோக்கியில் வைத்தேன். நான் வெட்டிய காலின் மிச்சத்தைச் சுற்றி வெள்ளைப் பசை. உதிர்ந்த காலை ஒட்டாமல் உனக்குத் தூக்கம் வராது. பெட்டியில் கிடந்த வேறொரு வண்டின் காலை இதற்கு மாற்றி ஒட்டியிருக்கிறாய். நான் அதையே வெட்டியிருக்கிறேன். தப்பு உன்னுடையதும்தான். ஆனால் நான் வண்டைப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

எதிர்ப்பக்கக் காலை வெட்டி அனுப்பினேன். புது இனம்தான். கட்டுரையில் உன் பெயரை முதலில் போட்டேன். செத்தவளுக்கு அது எதற்கு?

இன்றும் மூட்டில் பசை இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு காலையும் வெட்டுவதில்லை. தழும்புக்குள் உன் குப்பியின் சில்லு ஒன்று இருக்கிறது. எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். நான்தான் விடவில்லை.